கூளையன் கல்

கெணத்துல மாடு கட்டிக் கமலை எறச்ச காலம் அது. ஊருக்கும் ஊருக்கும் நடுவுல மாட்டுவண்டித் தடத்தத் தவிர வேற தடம் கெடையாது. அந்தக் காலத்துல இந்தக் கரிசக் காட்டுக்குள்ள சோளங்குளம்னு ஒரு ஊரு. இப்பவும் இருக்கு, நம்ம ஊருதான். அந்த ஊருல சண்முகத்தான்னு ஒரு பொம்பளை இருந்தா. புருசன் பாம்பு கடிச்சுப் போயிட்டான். ரெண்டு பிள்ளைக. மூத்தவன் வெயிலுமுத்து. இளையவ பூவுடையா.

நான் வெயிலுமுத்து வழியில வந்தவன். எங்க பாட்டனுக்குப் பாட்டன் அவரு. மத்த வீட்டுல மூதாதை கதையச் சொன்னா மீசைய முறுக்கிக்கிட்டுச் சொல்லுவாக. எங்க வீட்டுல தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் சொல்லுவாக. எங்க ஐயா அப்படித்தான் சொன்னாரு. நானும் அப்படித்தான் சொல்றேன், கேளுங்க.

பூவுடையா ஓடியாடித் திரிஞ்ச பிள்ளைதானாம். ஒரு மாசி மாசம் காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் எறங்குச்சு, காலு ரெண்டும் எந்திரிக்கல. இடுப்புக்குக் கீழ கொடி வாடுன மாதிரி வாடிப் போச்சு. வேப்பெண்ணெ தடவுனாக. மணலச் சுட வச்சு ஒத்தடம் குடுத்தாக. சாமிக்கு நேந்தாக. ஒண்ணும் கேக்கல.

அதுக்கப்புறம் அவளுக்குக் காலு அவ அண்ணன்தான். காட்டுக்குப் போனா அண்ணன் முதுகுல. குளத்துக்குப் போனா அண்ணன் முதுகுல. கோயிலுக்குப் போனா அண்ணன் முதுகுல. சேக்காளிக எல்லாம் ரெட்டத் தலையன் வாரான்னு கேலி பண்ணுவானுகளாம். தங்கச்சிய எறக்கி வச்சுட்டு, அவனுகள வெரட்டி வெரட்டி அடிச்சுட்டு, வந்து திரும்பவும் தூக்கிக்குவானாம். அவ்வளவு பிரியம். அதையும் சொல்லணும்ல. அவன் கெட்டவனாப் பொறக்கல.

மீசை மொளச்சுச்சு. கூடவே கூச்சமும் மொளச்சுச்சு.

ஒரு வருசம் அம்மன் கோயில் கொடை. பக்கத்தூருப் பிள்ளைக எல்லாம் பூ வச்சுக்கிட்டு வந்து நிக்குதுக. வெயிலுமுத்து தங்கச்சியத் தூக்கிக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள வாரான். அதுல ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணு காதுல என்னமோ சொன்னா. ரெண்டும் சிரிச்சுச்சுக. என்ன சொன்னாளோ, என்னத்துக்குச் சிரிச்சாளோ, யாரு கண்டா. அவனுக்குத் தன்னப் பாத்துத்தான் சிரிச்சாகன்னு பட்டுருச்சு. நேரா ஒரு உடமரத்தடிக்குப் போயி தங்கச்சிய எறக்கி வச்சான். இங்கயே இரு பூவு, இந்தா வந்துர்றேன்னான். போனான்.

மேளம் அடிச்சு ஓய்ஞ்சுச்சு. பொங்கப் பானை எறங்குச்சு. கூட்டம் கலைஞ்சுச்சு. அப்பத்தான் வந்தான்.

அவ அந்த எடத்துலயே இருந்தா. வேற எங்க போவா? வயசுக்கு வந்த பிள்ளை. அத்தன நேரமும் ஒரு அவசரம்னா யாரக் கூப்புடுவா? சேலை நனைஞ்சிருந்துச்சுன்னு சொல்லுவாக. அவன் பாத்தான், பாக்காத மாதிரி தூக்குனான். எப்பவும் அண்ணன் தோள்ல தலையச் சாய்ச்சுக்கிட்டு வாரவ, அன்னைக்கு வழி நெடுக நிமிந்தே இருந்தாளாம்.

மறுநா காலையில அம்மாகிட்டக் கேட்டா, யம்மா, எனக்கு ரெண்டு கெடாக்குட்டி வாங்கித் தான்னு. பிள்ளை பொழுதுபோக்குக்குக் கேக்குதுன்னு சண்முகத்தாவும் கொடியாட்டுக் குட்டி ரெண்டு வாங்கிக் குடுத்தா. நெட்டைக் காலும் நீண்ட கழுத்துமா நல்ல குட்டிக. ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளைச் சுட்டி. அதனால சுட்டியன். இன்னொண்ணுக்குக் காது குட்டையா, கூளையா இருக்கும். அதனால கூளையன்.

குட்டிகளுக்குக் காயடிச்சு வளத்தா. எந்நேரமும் வீட்டு முத்தத்துல உக்காந்துக்கிட்டுப் பேரு சொல்லிக் கூப்புடுவா. சுட்டின்னா சுட்டி வரணும், கூளைன்னா கூளை வரணும். வந்ததுக்குக் கையில வேலங்காய். முத்தத்துக்கு இந்தப் பக்கம் இருந்து கூப்புடுவா. அப்புறம் கையால நகந்து அந்தப் பக்கம் போயிக் கூப்புடுவா. அம்மாக்காரி பாத்தா. என்னட்டி பண்ணுறன்னு கேட்டா. வண்டி பழக்குறேம்மான்னு சொன்னாளாம். சண்முகத்தா சிரிக்கல. அவளுக்கு வெளங்கிருச்சு. கொடையன்னைக்குச் சேலைய அலசிப் போட்டவ அவதான.

அதுக்கப்புறம் ஆத்தாளும் மகளும் சேந்து பழக்குனாக. ஆட்டுக்கு மொதல்ல ஆளு பழகணும், அப்புறம் கவுறு பழகணும், அப்புறம் சத்தம் பழகணும், பாரம் எல்லாத்துக்கும் கடைசின்னு பூவுடையா சொல்லுவாளாம். முதுகுல கந்தத் துணியப் போட்டு விட்டா. மூஞ்சிக்கவுறு கட்டி அம்மாவ நடத்தச் சொன்னா. ஒரு நா காஞ்ச பன மட்டையக் கட்டி இழுக்க விட்டா. பின்னாலயே தரதரன்னு ஒரு சத்தம் தொரத்திக்கிட்டு வரவும் ரெண்டும் மெரண்டு வேலியத் தாண்டிருச்சுக. பூவுடையா அதுகள வையல. அன்னைல இருந்து, அதுக எரை தின்கிற நேரம் எல்லாம் பக்கத்துல உக்காந்து அந்த மட்டையத் தரையில இழுத்துக்கிட்டே இருந்தா. இழுத்து இழுத்து, அந்தச் சத்தம் கேட்டா எரை வருதுன்னு ரெண்டும் ஓடி வார அளவுக்கு ஆக்கிட்டா.

ஆசாரிகிட்டச் சொல்லி ஒரு குட்டி நுகத்தடி செஞ்சு வாங்குனாக. அதுதான் தப்பாப் போச்சு. மாட்டுக்குத் திமில் இருக்கு, நுகத்தடி அதுல முட்டி நிக்கும். ஆட்டுக்குத் திமிலுக்கு எங்க போறது? நுகத்தடி சறுக்கிக் கழுத்த நெரிச்சுருச்சு. கூளையன் நாக்கு வெளிய தள்ளிக் கீழ விழுந்துட்டான். பூவுடையா முத்தத்துல ஊந்து போயிக் கவுத்த அவுத்துவிட்டு, அவனக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாளாம். மறுநா அம்மாவோட பழைய சேலையக் கிழிச்சா. அகலமாப் பின்னுனா. கழுத்துக்கு மேல போடாம நெஞ்சுக்குக் குறுக்கப் போட்டு, முதுகுப் பக்கம் ஒரு பட்டையால தூக்கிக் கட்டுனா. நெஞ்சுவார். ஆடு கழுத்தால இழுக்காது, நெஞ்சாலதான் இழுக்கும்னு கண்டுபிடிச்சுட்டா.

ஒரு தடவ சண்முகத்தா பொறுமையத்துப் போயி சுட்டியன வெளக்கமாத்தால ஒரு அடி அடிச்சுட்டா. பொறவு ரொம்ப நாளைக்கு அவ முன்னால நின்னா சுட்டியன் அடியெடுத்து வைக்க மாட்டான். மாட்ட அடிச்சா நடக்கும்மா, ஆட்ட அடிச்சா படுத்துரும்னு சொல்லி, பூவுடையா ஒரு கம்பக் கூடக் கொட்டில் பக்கம் வர விடலையாம்.

வண்டிக்குச் சக்கரம் வேணும்ல. வெள்ளாமைச் சம்சாரிக வீட்டுல தேஞ்சுபோன கமலை உருளைய ஆத்தாக்காரி கேட்டு வாங்கியாந்தா. ஒடஞ்ச கட்டில் சட்டத்த மேல வச்சு ஆசாரி ஒரு வண்டி பண்ணிக் குடுத்தாரு. அச்சுல எண்ணெ போட்டாலும் கீச்சு கீச்சுன்னு கத்துற வண்டி. ஊரு சிரிச்சுச்சு. சண்முகத்தா மக ஆட்ட வண்டியில பூட்டுறாளாம், நாளைக்குக் கோழிய ஏர்ல பூட்டுவாளாம்னு கேலி பேசுனாக.

வண்டி ஓடுச்சு. ரெண்டு கெடாயும் நெஞ்ச முன்னால தள்ளி, தலைய ஆட்டிக்கிட்டு, கழுத்து மணி குலுங்க ஓடுச்சுக. மொத மொத எங்க போனா தெரியுமா? கோயிலுக்கு இல்ல. தேரு பாக்க இல்ல. வேலிக்காட்டுக்குள்ள பொம்பளைக ஒதுங்குற எடத்துக்குப் போனா. யாரையும் கூப்புடாம, யாரு முதுகுலயும் ஏறாம, தானாப் போயி, தானா வந்தா. அங்க இருந்து குளத்துக்குப் போயி, தண்ணியில கழுத்தளவு உக்காந்து, பொழுது உச்சிக்கு வாரவரைக்கும் குளிச்சாளாம்.

வெயிலுமுத்து கரை மேல நின்னு பாத்தான். அப்பாடான்னு இருந்துச்சாம் அவனுக்கு. இனிமத் தூக்க வேண்டியதில்ல. அப்பாடான்னு இருந்தத நெனைக்கவும் அவனுக்கே அசிங்கமா இருந்துச்சாம். குளிச்சுட்டு வந்தவகிட்ட ஒரு வார்த்த நல்லாருக்குன்னு சொல்லிருக்கலாம். வேற பக்கமாப் போயிட்டான்.

கொஞ்ச வருசம் போச்சு. வெயிலுமுத்துக்குப் பொண்ணு பாத்தாக. நீராவிமேட்டுப் பொண்ணு, பேரு ஆவுடைத்தங்கம். வசதியான குடும்பம், மூணு கெணத்துப் பாசனம். பொண்ணோட ஐயா ஒரு மாதிரி கண்டிப்பான ஆளு. அவுக மாப்பிள்ளை வீடு பாக்க வாராகன்னு தாக்கல் வந்துச்சு. தாய்மாமன் இருளப்பன்தான் முன்ன நின்னு எல்லாம் பேசுனவரு. அவரு அக்காகிட்டயும் மருமகன்கிட்டயும் சொன்னாரு, வாரவுக கண்ணுல பூவுடையா பட வேண்டாம், பட்டா குடும்பத்துல நோய் இருக்கும்பாக, பொறக்குற பிள்ளைக்கும் வருமோம்பாக, காரியம் கெட்டுரும்னு. சண்முகத்தா மாட்டேன்னு சொன்னா. மகன் மூஞ்சியப் பாத்தா. மகன் தரையப் பாத்துக்கிட்டு நின்னான். வேண்டாம் மாமான்னு சொல்லல.

பூவுடையாவ ஆட்டுக் கொட்டில்ல உக்கார வச்சு, வாசலுக்கு வைக்கோலப் போட்டு மறைச்சாக.

வந்தவுக உக்காந்தாக. மோரு குடிச்சாக. ஊரு நெலவரம், மழை நெலவரம் எல்லாம் பேசுனாக. அப்புறம் பொண்ணோட ஐயா மாப்பிள்ளையப் பாத்துக் கேட்டாரு, தம்பிக்குக் கூடப் பெறந்தவுக யாருன்னு. மாமன் வாயெடுக்குறதுக்குள்ள வெயிலுமுத்தே சொன்னான்.

"நான் ஒருத்தன்தான். தங்கச்சி ஒருத்தி இருந்தா. சின்னதுலயே போயிட்டா."

வெளியூர்ல வாக்கப்பட்டுட்டான்னு சொல்லிருக்கலாம். வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லிருக்கலாம். செத்துட்டான்னுதான் வாயில வந்துச்சு. வைக்கோலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு. புதுச் சத்தம் கேட்டுக் கெடாக ரெண்டும் தலைய ஆட்டப் பாத்துச்சுக. மணி குலுங்கிச்சுன்னா கொட்டில்ல யாருன்னு எட்டிப் பாப்பாக. அவ என்ன செஞ்சா தெரியுமா? ரெண்டு மணியையும் ரெண்டு கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அவுக எந்திரிச்சுப் போறவரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தா. அண்ணன் சொன்ன பொய்ய அவ கைக்குள்ள வச்சுக் காப்பாத்துனா. சண்முகத்தா வைக்கோல வெலக்கிப் பாத்தப்ப மக உள்ளங்கையில மணியோட வெளிம்பு பதிஞ்சு ரத்தம் கட்டியிருந்துச்சாம்.

கல்யாணம் நீராவிமேட்டுல, பொண்ணு வீட்டுலன்னு பேச்சு. மொத நா மத்தியானமே சோளங்குளமே வண்டி கட்டிக் கெளம்புச்சு. ஊருல கெழடு கட்டையும் நோயாளியும்தான் மிச்சம். அங்க பூவுடையா பேச்ச எடுக்கக் கூடாதுன்னு மாமன் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாரு. சண்முகத்தா மகளுக்குக் கூழு காய்ச்சி வச்சுட்டு, சாமி மாடத்துல தாலிய வச்சுக் கும்பிட்டா. திரும்பிப் பாத்தா மக உக்காந்துருக்கா. போயிட்டு வாம்மா, அழுதுக்கிட்டுப் போகாதன்னு சொன்னா மக. அதக் கேட்டதும் ஆத்தாளுக்கு அடக்க முடியல. முந்தானைய வாயில பொத்திக்கிட்டு ஓடிப்போயி வண்டியில ஏறிட்டா. தாலி மாடத்துலயே இருந்துருச்சு. அக்கா எடுத்துருக்கும்னு இருளப்பன் இருந்துட்டாரு, தம்பி எடுத்துருப்பான்னு அக்கா இருந்துட்டா.

வெளக்கேத்தப் போனப்பத்தான் பூவுடையா பாத்தா. மஞ்சக் கயித்துல தாலி.

அனுப்பி வைக்க ஆளு கெடையாது. பேசாம இருந்துருக்கலாம். செத்தவதான அவ, செத்தவளுக்கு என்ன வேலைன்னு இருந்துருக்கலாம். விடியவும் சுட்டியனையும் கூளையனையும் பூட்டுனா. தாலியத் துணியில சுத்தி இடுப்புல சொருகிக்கிட்டா. கெளம்பிட்டா.

அதுக்கு முன்னால அப்படித் தொலவு போனதே இல்ல. வேலிக்காட்டுக்கும் குளத்துக்கும் ஓடுற கெடாக. அந்த வாரம் மழை வேற பேஞ்சிருந்துச்சு. கல்யாண வண்டிக போன தடம் ஈரத்துல அப்படியே கெடந்துச்சு. அந்தத் தடத்தப் பிடிச்சே போனா. கரிச மண்ணு ஈரமானா எப்படின்னு தெரியும்ல, சக்கரத்துல அப்பிக்கிட்டு விடாது. கொஞ்ச தூரம் போகும், நிக்கும். கையால மண்ண வழிச்சு எறிவா. திரும்பப் போகும். ஓடை வந்துச்சு. பாரம் கொறையட்டும்னு எறங்கி, வண்டி முன்னால போக, இவ ரெண்டு கையையும் ஊனி, காலு இழுபட ஊந்தே ஓடையத் தாண்டுனா. ஏத்தத்துல சுட்டியன் படுத்துட்டான். அடிக்கல. பக்கத்துல உக்காந்து, இருந்த கருப்பட்டிய அவன் வாயில வச்சு, காதத் தடவிக் குடுத்தா. எந்திரிச்சான். கூளையன் மட்டும் படுக்கவே இல்ல. நொரை தள்ளுது, காலு நடுங்குது, அப்பவும் நின்னுக்கிட்டே இருந்தான்.

அங்க நீராவிமேட்டுல பந்தல் பொங்கி வழியுது. மணவறையில மாப்பிள்ளை உக்காந்தாச்சு, பொண்ணு உக்காந்தாச்சு. தாலிய எடுங்கன்னாக. தாலி இல்ல. சண்முகத்தா வாயில வாயில அடிச்சுக்கிட்டா. மஞ்சக் கெழங்க ஒரு கயித்துல கட்டி முடிச்சுப் போட்டுருவோம்னு ஒரு பெரியவரு சொன்னாரு. பொண்ணோட ஐயாவுக்குக் கோவம் வந்துருச்சு. என் மக என்ன கதியத்தவளா, மஞ்சக் கெழங்கு கட்டிக் கூட்டிட்டுப் போறதுக்குன்னாரு. பேச்சு தடிச்சுக்கிட்டு வாரப்ப, தண்ணிக் கொடத்தோட ஒரு பொம்பளை பந்தலுக்குள்ள வந்தா. அந்த ஊருக்காரிதான். சோளங்குளத்துல இருந்து இதக் குடுத்து விட்டாகன்னு ஒரு துணி முடிப்ப நீட்டுனா. அவுத்துப் பாத்தா தாலி.

யாரு கொண்டாந்தான்னு கேட்டாக. அவ சொன்னா, ஒரு பொம்பளை, ரெண்டு கெடா பூட்டுன வண்டியில வந்துருக்கா, கையும் முழங்காலும் ஒரே சேறு, யாரு தாயின்னு கேட்டா வேலைக்காரிங்கா, உள்ள வான்னா மாட்டேங்கா, எல்லைக் கல்லுகிட்டயே இருக்கான்னு.

மணவறையில இருந்த வெயிலுமுத்துக்குக் கேட்டுச்சு. அம்மா அவனப் பாத்தா. அவன் அம்மாவப் பாக்கல. மாமன் கண்ணக் காட்டுனாரு, கட்டுறான்னு. மேளம் கொட்டுச்சு. தாலிய எடுத்தான். மொத முடிச்சு போட்டான்.

ரெண்டாவது முடிச்சும் மூணாவது முடிச்சும் மாப்பிள்ளைக்குக் கூடப் பெறந்தவ போடணும். அவனுக்குத்தான் யாரும் இல்லையே. மாமன் மக வந்து பொண்ணுக்குப் பின்னால குனிஞ்சா. அவ கை முன்னால வந்துச்சு. மருதாணி வச்ச கை. அந்தக் கையப் பாத்தான். என்ன நெனச்சானோ. கயித்த அப்படியே பிடிச்சுக்கிட்டான். மேளக்காரரப் பாத்து நிறுத்தச் சொன்னான்.

"நான் பொய் சொன்னேன். என் தங்கச்சி சாகல. இந்தத் தாலியக் கொண்டாந்தவ அவதான்."

அம்புட்டுத்தான் சொன்னான். மாலையோட எந்திரிச்சான். ஒரு முடிச்சு விழுந்த தாலியோட பொண்ணு உக்காந்துருக்கா. அவன் கூட்டத்துக்குள்ள பூந்து வெளிய போயிட்டான்.

எல்லைக் கல்லுகிட்டப் போயிப் பாத்தான். வண்டி நிக்குது. சுட்டியன் தலையத் தொங்கப் போட்டு நிக்கான். கூளையன் கல்லடியில கெடக்கான். பூவுடையா தரையில உக்காந்து, அவன் தலைய மடியில வச்சுருக்கா. வண்டி நிக்கிறவரைக்கும் நின்னுட்டு, நின்னதும் விழுந்துட்டானாம். உசுரு இல்ல.

பூவு, வான்னு சொல்லிக் குனிஞ்சு, பழைய மாதிரி முதுகக் காட்டுனான்.

"தொடாத," அப்படின்னா அவ. "அன்னைக்கு உடமரத்தடியில எறக்கி வச்சியே, அன்னைக்கே உன் முதுகுல இருந்து எறங்கிட்டேன். நான் வண்டியில வந்தேன். போனாலும் வண்டியிலதான் போவேன்."

வண்டிய ஒத்தக் கெடா இழுக்காது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மாலையக் கழட்டிக் கல்லு மேல வச்சான். கூளையன் நெஞ்சுல இருந்த வார அவுத்தான். ஆடு வேர்த்த ஈரத்தோட, சேத்தோட, அத எடுத்துப் பட்டுத் துண்டுக்கு மேல தன் நெஞ்சுல போட்டுக்கிட்டான். சுட்டியனுக்குப் பக்கத்துல போயி நின்னான். அவ கூளையன் தலைய மெதுவாத் தரையில வச்சா. ரெண்டு கையையும் ஊனி வண்டியில ஏறி உக்காந்தா.

சுட்டியன் நகரல. பக்கத்துல நிக்கிறது யாருன்னு மோந்து பாத்துக்கிட்டே நிக்கான். அவ சொன்னா, போ சுட்டின்னு. அப்புறந்தான் நகந்தான். அந்த வாரு ஆட்டு உசரத்துக்குக் கட்டுன வாரு. நிமிந்து நின்னா இழுக்க முடியாது. குனிஞ்சாத்தான் இழுக்க முடியும். ஆட்டோட எட்டுக்கு எட்டு வைக்கணும், நீட்டி வச்சா வண்டி கோணிக்கிரும். அப்படிக் குனிஞ்சு, குறுக்கு வளைஞ்சு, குட்டி குட்டி எட்டா வச்சு, நீராவிமேட்டுத் தெரு முழுக்க இழுத்துக்கிட்டு வந்தான். வாசலுக்கு வாசல் சனம் நிக்குது. அவன் தலை தூக்கல. ஒருத்தரும் சிரிக்கலையாம். மேளம் நின்னு போச்சு. சக்கரம் கத்துற சத்தம் மட்டும் பந்தல் வரைக்கும் வந்துச்சாம்.

பொண்ணோட ஐயா கோவத்துல நடுங்குறாரு. பொய் சொல்லிப் பொண்ணு கேட்ட வீடு, முடிச்ச அவுத்துருங்கன்னாரு. மாமன் இருளப்பன் எங்க போயி ஒளிஞ்சாருன்னே தெரியல. அப்ப ஆவுடைத்தங்கம் எந்திரிச்சா. வண்டியில இருந்தவளையும் பாத்தா, வாரோட நிக்கிறவனையும் பாத்தா.

"உசுரோட இருக்கிற தங்கச்சியச் செத்துட்டான்னு சொன்னீரு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா என்னைய என்னன்னு சொல்வீரு?"

வெயிலுமுத்து பதில் ஏதாச்சும் சொல்லிருந்தா, அவ ஐயா பேச்சக் கேட்டு முடிச்ச அவுத்துருப்பாளாம். வாயடச்சு, தலை தொங்கி, அழுதுக்கிட்டு நின்னான் பாருங்க, அதுதான் அவள நிறுத்துச்சுன்னு சொல்லுவாக. ஒரு முடிச்சு விழுந்துருச்சு, மத்தத, தாலியக் கொண்டாந்தவுகளே போடட்டும்னு சொல்லி, பொண்ணே நகந்து வண்டிக்குப் பக்கத்துல வந்து, முதுகக் காட்டித் தரையில உக்காந்தா. கையக் கழுவத் தண்ணி குடுத்தாக. பூவுடையா கழுவுனா. கழுவியும் நகத்துல கரிசல் போகல. அந்தக் கையால ரெண்டு முடிச்சும் போட்டா. மதினி, நல்லா இருங்கன்னு பொண்ணுகிட்டச் சொன்னா. அண்ணன் பக்கம் திரும்பல.

அதுக்கப்புறம் நல்லாத்தான் இருந்தாக. ஆவுடைத்தங்கம் நாத்தனாளுக்குச் சோறு போட்டுட்டுத்தான் புருசனுக்குப் போடுவா. பூவுடையா இன்னும் கெடாகளப் பழக்குனா. நடக்க முடியாதவுக, வலி எடுத்த பிள்ளைத்தாச்சி, எல்லாருக்கும் அவ வண்டிதான். சிரிச்ச சனமெல்லாம் அந்த வண்டியில ஏறுச்சு. அக்கம்பக்கத்து ஊர்ல இருந்து வந்து அவகிட்ட வார் பின்னப் படிச்சுட்டுப் போனாக. வெயிலுமுத்து தெனமும் விடிஞ்சதும் மொத வேலையா அவ கொட்டிலக் கூட்டுவான். கெழவனாகியும் விடல.

ஆனா அவ அவனோட பேசலைன்னு சொல்லுவாக. சண்டையும் போடல, கோவமும் காட்டல. என்ன வேணும்னாலும் மதினிகிட்டச் சொல்லி விடுவா. கடைசியில ஒரு தடவையாவது அண்ணேன்னு கூப்பிட்டாளான்னு கேப்பீக. நானும் எங்க ஐயாகிட்டக் கேட்டேன். கூப்பிடலன்னுதான் சொன்னாரு.

வெயிலுமுத்தோட மூத்த மகனுக்குக் கல்யாணம் வந்துச்சு. பொண்ணு ஊரு எல்லையில வெயிலுமுத்தே பழைய சேலையில பின்னுன வாரோட நின்னாராம். அந்த மகனுக்கும் தங்கச்சி ஒருத்தி, நல்லா நடக்கிற பிள்ளை. அவள வண்டியில ஏத்தி, மகன வாரப் போட்டுக்கச் சொன்னாரு. மகன் மூஞ்சியச் சுளிச்சான். நான் என்னய்யா தப்புப் பண்ணேன்னு கேட்டான்.

"நீ பண்ணல. பண்ணிராத," அப்படின்னாராம்.

அன்னைல இருந்து எங்க ஊரு மாப்பிள்ளை எந்த ஊருல பொண்ணு எடுத்தாலும் இந்த மொறைதான். நீராவிமேட்டு எல்லையில அந்தக் கல்லு இன்னும் இருக்கு. கூளையன் கல்லுன்னுதான் பேரு. அந்த ஊருல பொண்ணு எடுத்தா அங்க இருந்தே இழுக்கணும். வேற ஊருன்னா அந்தந்த ஊரு எல்லையில இருந்து. மொத முடிச்ச மாப்பிள்ளை போட்டதும் கல்யாணம் அப்படியே நிக்கும். மாப்பிள்ளை எந்திரிச்சு எல்லைக்குப் போவான். மாலையக் கழட்டி வச்சு, பழைய சேலை வார நெஞ்சுல போட்டு, கூடப் பெறந்தவள வண்டியில வச்சுக் குனிஞ்சு இழுத்துக்கிட்டு வரணும். அவ வந்துதான் மத்த ரெண்டு முடிச்சும். இப்ப வண்டிக்கு சைக்கிள் சக்கரம் போட்டாச்சு. பாரமே தெரியாது. ஆனா வாரோட உசரத்த மட்டும் யாரும் கூட்டல. அந்தத் தெருவுல அவன் வாரவரைக்கும் மேளம் அடிக்க மாட்டாக. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, நாங்க எல்லாரும், ரெண்டு ஓரமும் தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் நிப்போம்.